மூன்றாம் மாடியில் இருபத்திமூன்று பேர்

மார்ச் 4

அண்ணிக்கு,

நலமா என்று கேட்டால் "ரொம்பத்தான் அக்கறை" என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. இங்கே நான், என் வீட்டுக்காரர், அப்பா மூவரும் இருக்கிறோம். அப்பா வலது கையை இப்போது தோள் வரை தானாகத் தூக்குகிறார். இறக்கத்தான் யாராவது பிடிக்க வேண்டும்.

போனை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நம் இருவர் குரலும் ஏறிவிடும். ஆபீஸ் சாட்டில் எழுதினால் தலைமை அலுவலகம் வரை படித்து ரசிக்கும். அண்ணனிடம் சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தேன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வரல" என்று கழன்றுகொண்டார்.

நவம்பரில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, அத்தனை பேர் முன்னால், "அண்ணி ஆபீஸுக்குப் போறது வேலை பாக்க இல்ல, வீட்டுல இருந்து தப்பிக்க" என்று சொன்னேன். சொன்ன விதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன விஷயத்தைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் லேசில் விடவில்லை. "நைட்டியோட பாக்கறதெல்லாம் ஒரு வேலையா" என்று கேட்டீர்கள். நாலு மாதமாக அது காதிலேயே இருக்கிறது.

விமானத்தில் தொலையும் பெட்டிகளைத் தேடிக் கொடுப்பதுதான் நம் இருவர் பிழைப்பும் என்பதால் இதை உங்களிடம்தான் கேட்க முடியும். செருப்புக் கம்பெனி விற்பனையாளர் ஒருவரின் பெட்டி மூன்று வாரமாகக் கிடைக்கவில்லை. உள்ளே மாதிரிக்கு எடுத்துப்போன பன்னிரண்டு செருப்பு. பன்னிரண்டும் இடது கால். கம்ப்யூட்டரில் எப்படித் தேடினாலும் அகப்படவில்லை. ஆபீஸ் குழுவில் போட்டேன். நாற்பது பேர் படித்தார்கள், எட்டுப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள், அவ்வளவுதான். மூன்றாம் மாடியில் நீங்கள் இன்னும் பதினொரு மணிக் கூவலை விடவில்லை என்று கேள்வி. ஒரு தடவை இதையும் கூவிப் பாருங்கள்.

உள்ளூர்க்காரர்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி எதுவும் வேண்டாம்; வெளியூர் என்பதால் எனக்குத் தனியாகக் கொடுத்த அனுமதியை மே மாதம் மறுபடி பரிசீலிக்கப் போகிறார்கள். நான் ஆபீஸுக்கு வர முடியாத நிலையில் இருக்கிறேன் என்பதுதான் அதற்கு ஆதாரம். அது போனால் நான் அங்கே வந்தாக வேண்டும், அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால் இந்தச் சமயத்தில் பெட்டி எதுவும் பாக்கி நிற்காமல் இருந்தால் நல்லது.

மிளகு


மார்ச் 12

மிளகு,

பாதி மன்னிப்புத்தான் கேட்டிருக்கிறாய். அதனால் பாதிதான் மன்னிக்க முடிந்தது. மீதியை அப்புறம் பார்க்கலாம்.

பெட்டி கிடைத்துவிட்டது. பதினொரு மணிக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். எல்லோரும் என்றால் ஏழு பேர். அவரவர் கையில் சிக்கிக்கொண்டிருக்கும் பெட்டியை ஒவ்வொருவராகக் கூவிக்கொண்டு வந்தோம். என் முறை வந்ததும், "செருப்பு பன்னிரண்டு, எல்லாம் இடது கால், வலது கால் ஒண்ணுகூட கிடையாது" என்றேன். நிகண்டு டீ டம்ளரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவருக்கு அந்தப் பெயரை வைத்தது சும்மாவா, பத்து வருஷத்துப் பெட்டிகளும் அவர் மண்டைக்குள் அடுக்கி இருக்கின்றன. "ஆறு ஜோடின்னு ஒண்ணு வந்துதே. ஒரு ஜோடியும் ஒண்ணோட ஒண்ணு சேரலன்னு எழுதியிருந்தாங்களே" என்றார். பெட்டியைத் திறந்த புண்ணியவான் பன்னிரண்டு செருப்பைப் பார்த்து ஆறு ஜோடி என்று எழுதிவிட்டான். கம்ப்யூட்டருக்கு அது வேறு, இது வேறு. அதைக் குற்றம் சொல்ல முடியாது.

நீ அன்றைக்குச் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். உண்மை, அதனால் வலித்தது. எல்லோரும் வீட்டில் இருந்த அந்த இரண்டு வருஷமும் உன் அண்ணன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கூடத்தைப் பிடித்துக்கொண்டார். பெரியவனும் சின்னவனும் ஆளுக்கொரு அறை. எனக்கு அடுப்பு மேடை. லேப்டாப்பும் குக்கரும் பக்கத்தில் பக்கத்தில். அந்த இரண்டு வருஷத்தில் "சாப்பாடு ஆச்சா" என்று ஒரு நாளைக்கு மூன்று பேர் கேட்டார்கள். "சாப்பிட்டியா" என்று ஒருத்தரும் கேட்டதில்லை. மூன்றாம் மாடிக்குத் திரும்பி வந்த முதல் நாள், நான் முடியை வெட்டியிருப்பதை வாசலிலேயே நாலு பேர் கவனித்துச் சொன்னார்கள். அதை வெட்டி ஒரு மாதம் ஆகியிருந்தது, வீட்டில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

இப்போது அந்த மாடிக்கும் ஆபத்து. விருப்பமிருந்தால் வரலாம் என்று சொன்ன பிறகு வருவது நாங்கள் ஏழு பேர்தான். நாற்பது நாற்காலிக்கு ஏழு பேர். தலைமை அலுவலகத்திலிருந்து ஓலை வந்திருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து ஏப்ரல் முடிய தினம் சராசரி இருபது பேராவது வரவில்லை என்றால் மாடியைக் காலி செய்துவிடுவார்களாம். பதின்மூன்று பேருக்கு நான் எங்கே போவேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணி


மார்ச் 21

அண்ணிக்கு,

செருப்புக்காரர் போனிலேயே கும்பிட்டார். திருடு போகாமலிருக்கத்தான் இடது கால் ஒருவரிடம், வலது கால் இன்னொருவரிடம் கொடுத்து அனுப்புவார்களாம். நிகண்டுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள். ஏன் என்று இதோ சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தால் மூன்றாம் மாடி சொர்க்கம் என்று தோன்றுகிறது. எட்டு வருஷம் நானும் அங்கே இருந்தேனே. எனக்குக் கொடுத்த மேஜை கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில். வருகிறவர் போகிறவர் எல்லோரும் ஈரக் கையை என் நாற்காலி முதுகில் துடைத்துவிட்டுப் போவார்கள். பஸ்ஸில் வர இரண்டு மணி நேரம், போக இரண்டு மணி நேரம். என் குரல் சின்னக் குரல். பதினொரு மணிக்கு நான் கூவ வாயைத் திறந்தால் நிகண்டு, "யாராவது மைக் குடுங்கப்பா" என்பார். மாடியே சிரிக்கும். நீங்களும் சிரித்தீர்கள் அண்ணி. எட்டு வருஷத்தில் நான் கூவியது இருபது தடவைகூட இருக்காது.

எழுதுகிற இடத்தில் யாருடைய குரலும் பெரிசில்லை. போன வருஷம் நாற்பது பேரில் அதிகப் பெட்டியைக் கண்டுபிடித்தது நான்தான். நைட்டியோடுதான்.

காலை பத்து மணிக்கு அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைக்கிறேன். பன்னிரண்டுக்கு ஊட்டுகிறேன். அவர் கட்டிலும் என் மேஜையும் ஒரே அறையில். நான் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டால்தான் தூங்குகிறார். உங்களுக்கு அந்த மாடி எப்படியோ, எனக்கு இந்த அறை அப்படி. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேலை முடிந்து வருகிறவரை பேச ஆளில்லாமல் நாக்கு ஒட்டிப்போகிற நாட்களும் உண்டு. அதை மறைக்கவில்லை. ஆனாலும் பழைய மேஜைக்குத் திரும்பி வா என்றால் வரமாட்டேன்.

மாடி உங்களுக்கு நிலைக்கட்டும். இதை மனதாரச் சொல்கிறேன்.

மிளகு


ஏப்ரல் 8

மிளகு,

சிரித்தேன், ஆமாம். உனக்கு வலிக்கும் என்று அப்போது தோன்றவே இல்லை. உன் கடிதத்தின் அந்தப் பத்தியை நிகண்டிடம் படித்துக் காட்டினேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் தமாஷுக்குத்தானே சொன்னேன்" என்றார். அப்புறம் அவராகவே, "அந்தப் பொண்ணு அதனாலதான் பேசாம இருந்துதா" என்று கேட்டார்.

இனி சொல்லப்போவது உனக்கு மட்டும்.

மூன்றாம் மாடிக் கணக்கு இப்போது தினம் இருபத்திமூன்று பேர். வாயைப் பிளக்காதே. வீட்டிலிருந்து வேலை பார்க்கப் போனவர்கள், தொலைத்தால் வம்பு என்று, அவரவர் கார்டை என் பொறுப்பில்தானே விட்டுப் போனார்கள். மேற்பார்வையாளர் என்ற முறையில் அவை என் டிராயரில்தான் இருக்கின்றன. காலை எட்டரைக்கு, மற்ற ஆறு பேரும் வருவதற்கு முன்னால், பதினாறு கார்டை எடுத்து வாசல் இயந்திரத்தில் வரிசையாகத் தேய்த்துவிடுகிறேன். ஒரே ஆட்களாக இருந்தால் சந்தேகம் வரும் என்று நாளுக்கு நாள் மாற்றி மாற்றித் தேய்க்கிறேன். இதற்கு ஒரு நோட்டு வேறு போட்டிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்.

கீழே இருக்கும் செக்யூரிட்டி அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. "இன்னிக்கு உங்க கூட எத்தன பேர் மேடம்" என்பார். பதினாறு என்பேன். "எல்லாரும் பத்திரமா ஏறிட்டாங்களா" என்பார். அதோடு சரி, வேறெதுவும் கேட்கமாட்டார்.

தப்பு என்று தெரியும். ஆனால் யார் வயிற்றிலும் அடிக்கவில்லை. மாடி பிழைத்துக்கொண்டால் எல்லோருக்கும் ஒரு இடம் இருக்கும், அவ்வளவுதானே. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

அண்ணி


மே 3

அண்ணிக்கு,

தலைமை அலுவலகத்தின் மனிதவளத் துறையிலிருந்து எனக்கு வந்த கடிதத்தை அப்படியே எழுதுகிறேன்.

"தாங்கள் ஏப்ரல் மாதத்தில் ஒன்பது நாட்கள் மூன்றாம் மாடி அலுவலகத்துக்கு நேரில் வருகை தந்திருப்பது பதிவுகளிலிருந்து தெரிய வருகிறது. நேரில் வர இயலாது என்ற அடிப்படையில் வழங்கப்பட்ட வெளியூர்ப் பணி அனுமதி, எனவே, ஜூன் முதல் தேதியுடன் ரத்து செய்யப்படுகிறது. தங்கள் ஆர்வத்தைப் பாராட்டுகிறோம். மறுப்பு ஏதுமிருப்பின் மே 20க்குள் தெரிவிக்கவும்."

ஒன்பது நாளும் நான் இங்கே அப்பாவுக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். ரயிலில் ஒன்பது மணி நேரத் தூரத்தில். அதே நாட்களில் இங்கிருந்து வேலை பார்த்த பதிவும் அவர்களிடம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்தத் துறையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவர்களும் ஆளுக்கொரு வீட்டிலிருந்துதான் பார்க்கிறார்கள் போலிருக்கிறது.

என் கார்டு உங்கள் டிராயரில் இருப்பதையே நான் மறந்திருந்தேன். நீங்கள் மறக்கவில்லை. பதினாறு பேரில் நானும் ஒருத்தி என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். என் அனுமதி எதன் மேல் நிற்கிறது என்று மார்ச்சிலேயே எழுதியிருந்தேன் அண்ணி. படித்தீர்களா, இல்லை செருப்பை மட்டும் படித்தீர்களா?

போன கடிதத்தைப் படித்து நான் சிரித்தேன், கிழிக்கவும் இல்லை. என் பங்குக்கு அது ஒரு தப்பு. மிச்சத்தை என்னால் ஏற்க முடியாது.

அண்ணனிடம் சொன்னேன். ஒரு நொடி யோசிக்காமல், "அப்பாவ இங்க அனுப்பிடு, அண்ணி பாத்துப்பா" என்றார். உங்களைக் கேட்டாரா என்று தெரியவில்லை. கேட்டிருக்கமாட்டார்.

நான் உண்மையை எழுதினால் உங்கள் வேலை போகும். எழுதாவிட்டால் என் வேலை போகும். உங்களைக் காட்டிக்கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அதற்காக அப்பாவை விடவும் முடியாது. இருபதாம் தேதிக் காலை வரை பார்ப்பேன். அதற்கு மேல் எழுதிவிடுவேன்.

மிளகு


மே 8

மிளகு,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

உன் அனுமதி விஷயத்தைப் படித்தேன். படித்துவிட்டு, மாடி நிலைத்தால் போதும் என்ற அவசரத்தில் அதை யோசிக்கவே இல்லை. கார்டைத் தேய்த்தால் ஓர் எண்ணிக்கை கூடும் என்றுதான் பார்த்தேன். அதை உட்கார்ந்து ஒருவர் படிப்பார், படித்து உனக்குக் கடிதம் போடுவார் என்றெல்லாம் தோன்றவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இருபதைத் தொடப் பதின்மூன்று கார்டே போதும். உன்னுடையது தேவைப்படவே இல்லை. கார்டைத் தேய்த்தால் அந்தச் சின்னத் திரையில் பெயரும் போட்டோவும் வரும், தெரியுமில்லையா. உன் போட்டோ நீ வேலைக்குச் சேர்ந்த நாளில் எடுத்தது, பாதிக் கண் மூடியிருக்கும். கடிதம் எழுதினாயே தவிர, நவம்பரிலிருந்து நீ பேசவில்லை. மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை தற்செயலாக உன் கார்டு கையில் வந்தது, தேய்த்தேன். அன்று முழுக்க நீ எதிரே இருப்பது போல வைத்துக்கொண்டேன். அப்புறம் செவ்வாய், வியாழன் என்று வழக்கமாகிவிட்டது. பைத்தியக்காரத்தனம். வேறு காரணம் எதுவும் இல்லை.

எனக்குத் தோன்றும் வழி இது. மாமாவை இங்கே அழைத்து வந்துவிடுகிறேன். நான் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்கிறேன். நீ வாரத்தில் நாலு நாள் எங்கள் வீட்டில் தங்கி ஆபீஸுக்குப் போய் வா. வெள்ளிக்கிழமை ரயிலேறினால் உன் வீட்டுக்காரரையும் பார்த்துவிடலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். கூடத்தில் ஒரு கட்டில் போட இடமிருக்கிறது. உன் அண்ணனை நகர்த்திக்கொள்ளலாம்.

அண்ணி


மே 12

அண்ணிக்கு,

வேண்டாம்.

அப்பாவை நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போதும் போன வேலை உங்களுக்கு ஞாபகம் வரும். நீங்கள் வாயைத் திறக்கமாட்டீர்கள். அவருக்குப் புரிந்துவிடும். கை கால் விழுந்தாலும் அவர் கண் நன்றாகத்தான் இருக்கிறது. அப்பா உங்களுக்கு அபராதம் இல்லை.

போட்டோ விஷயத்தைப் படித்து அழுதேன். கோபம் பாதி போய்விட்டது. ஆனால் அது வேறு, இது வேறு. ஒரு பொய்யை மூட நீங்கள் வேலையை விட, நான் வீட்டை விட, அப்பா ஊரை விட வேண்டுமா?

எட்டு நாள் இருக்கிறது.

மிளகு


மே 18

மிளகு,

இன்று போய்ச் சொல்லிவிட்டேன்.

யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. உன் அண்ணனிடம்கூட வந்த பிறகுதான் சொன்னேன். தலைமை அலுவலகம் ஊரின் அந்தக் கோடியில், பதினோராம் மாடியில். இரண்டு பஸ் மாறிப் போனேன். கார்டெல்லாம் கைப்பையில் கிடந்தன. லிஃப்ட் கதவு திறந்தால் அவ்வளவு பெரிய மாடியில் ஒரே ஓர் ஆள். மனிதவள மேலாளர், உனக்கு எழுதினாரே அவரேதான். எல்லோரும் ஆபீஸுக்கு வர வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர், தனியாக உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

கார்டுகளை அவர் மேஜையில் வைத்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். உன் கார்டைத் தனியே எடுத்துக் காட்டி, இந்தப் பெண் ஒரு நாள்கூட வரவில்லை, அவளுக்கு இதில் சம்பந்தம் எதுவும் இல்லை என்றேன். அவர் கார்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். அப்புறம், "நான் இத மேல சொல்லிட்டேனே மேடம்" என்றார். மூன்றாம் மாடி ஒரு முன்மாதிரி, கட்டாயப்படுத்தாமலே ஜனங்கள் திரும்பி வருகிறார்கள் என்று படம் போட்டுக் காட்டிவிட்டாராம். அதை நம்பித்தான் எல்லா மாடிக்கும் உத்தரவு தயாராகிறதாம். நான் சொன்ன பொய்யைவிட, அதை அவர் நம்பிச் சொன்னதுதான் அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க" என்று கேட்டார். பஸ்ஸில் வரும்போது நல்ல பதிலாக ஒன்று யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"வீட்டுல எனக்கு இடம் இல்ல சார். அங்க இருந்துது. அத விட மனசு வரல."

அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டு, ஜன்னல் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் தீர்ப்புச் சொன்னார். வேலையை விட்டு அனுப்பினால் காரணம் எழுத வேண்டும், எழுதினால் அவர் தலையும் உருளும். அதனால் வேலை தப்பியது. மேற்பார்வையாளர் பதவி இல்லை. கார்டுகளைப் பத்திரமாக வைக்கவில்லை என்று எச்சரிக்கைக் கடிதம் உண்டு. எண்ணிக்கையில் பிழை என்று மேலே சொல்லி அந்தப் பொது உத்தரவை நிறுத்திவிடுவாராம்; மூன்றாம் மாடியை ஜூன் முப்பதோடு காலி செய்கிறார்கள். ஜூலையிலிருந்து ஏழு பேரும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்க வேண்டும். இதை அவர் தண்டனையாகச் சொல்லவில்லை. "இனிமே உங்களுக்கு பஸ் அலைச்சல் மிச்சம்" என்றார்.

உனக்கு வந்த ரத்து உத்தரவை வாபஸ் வாங்குகிறார்கள். நீ எதுவும் எழுத வேண்டியதில்லை.

திரும்பி வந்து மற்ற ஆறு பேரிடமும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நிகண்டு மட்டும், "நான் லீவு போட்ட அன்னிக்கு என் கார்ட தேச்சிருக்கலாமே, சம்பளமாவது வந்திருக்கும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி


ஜூன் 2

அண்ணிக்கு,

வாபஸ் கடிதம் வந்துவிட்டது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஜெயித்துவிட்டதாக ஒரு துளி சந்தோஷம்கூட வரவில்லை. நீங்கள் இரண்டு பஸ் மாறிப் போனதுதான் கண் முன்னால் நிற்கிறது. நானாக இருந்திருந்தால் மின்னஞ்சலில் நாலு வரி எழுதிவிட்டு ஒளிந்துகொண்டிருப்பேன்.

மார்ச்சில் நான் கேட்காமல் விட்ட மீதிப் பாதி மன்னிப்பையும் இப்போது கேட்டுக்கொள்கிறேன். ஆபீஸுக்குத் தப்பித்துப் போகிறீர்கள் என்று சொன்னேன். எதிலிருந்து என்று ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். அது என் அண்ணன் வீடு, என் அண்ணன் பிள்ளைகள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

அண்ணனுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். நாற்பத்தைந்து வயதில் தங்கையிடம் திட்டு வாங்குவது அவருக்கும் புது அனுபவமாக இருக்கும். ஜூலை முதல் தேதிக்குள் ஓர் அறை காலியாகும் என்று நினைக்கிறேன். ஆகாவிட்டால் எழுதுங்கள், ரயிலேறி வருகிறேன்.

மிளகு


ஜூலை 5

மிளகு,

உன் கடிதத்தில் என்ன எழுதினாயோ, உன் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படுக்கையறையை ஒழித்துக் கொடுத்தார். ஜன்னலோரம் மேஜை போட்டார். "ஒன்பது முதல் ஐந்து வரை தொந்தரவு செய்யக்கூடாது" என்று அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினார். மதியச் சாப்பாடு இப்போது அவர் பொறுப்பு. உப்பு ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை. நான் குறை சொல்வதில்லை. பிள்ளைகளும் கால் சத்தம் கேட்காமல் நடக்கிறார்கள்.

முதல் நாள் எட்டரைக்குப் புடவை கட்டி, பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன். சின்னவன் "எங்கம்மா கெளம்பிட்ட" என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. திரும்பி வந்து அறைக்குள் போய் உட்கார்ந்தேன். அடுப்பு மேடையில் கிடந்த இரண்டு வருஷமும் இப்படி ஓர் இடத்தைத்தான் கேட்டேன். கிடைத்துவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது. பத்தரைக்குள் அழுகை வந்துவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. இவ்வளவு செய்து கொடுத்தவர்களிடம் எப்படிச் சொல்வது. இடமில்லை என்று அந்த மேலாளரிடம் சொன்னேனே, அது பாதிதான் சரி. எனக்கு வேண்டியது பக்கத்தில் வேலை பார்க்கிற ஒரு மனுஷி. பேசக்கூட வேண்டாம். நாற்காலியை இழுக்கிற சத்தம், ஒரு தும்மல், தனக்குத்தானே முனகிக்கொள்வது, அது போதும். ஆறு பேரும் தினம் செய்தி அனுப்புகிறார்கள். கட்டைவிரல் காட்டுகிறார்கள். நானும் காட்டுகிறேன்.

மிளகு, வருகிற ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். மாதத்தில் ஒரு வாரம் அங்கே வந்து வேலை பார்க்கலாம் என்று இருக்கிறேன். மாடியை மூடிய பிறகு எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். விருந்தாளியாக வரவில்லை, எனக்காக எதுவும் தனியாகச் சமைக்காதே. மாமாவைப் புரட்ட ஒரு கை கூடுதலாக இருக்கும். உன் மேஜையில் பாதி கொடுப்பாயா? உனக்கு அந்த அறை எப்படிப்பட்டது என்று எழுதியிருந்தாய். அதனால்தான் கேட்கிறேன். முடியாது என்றால் தயங்காமல் சொல். டிக்கெட்டை ரத்து செய்துவிடுகிறேன்.

அண்ணி


ஜூலை 9

அண்ணிக்கு,

இதை அவசரத் தபாலில் அனுப்புகிறேன், சனிக்கிழமைக்குள் கிடைத்துவிடும். வாருங்கள்.

படித்தவுடனே சரி என்று எழுதிவிடவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். இந்த அறையில் இன்னொருவர் இருந்தால் நான் பழையபடி வாயை மூடிக்கொள்வேனோ என்று பயமாக இருந்தது. அப்புறம் உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். பேசக்கூட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அப்படி எழுதுவது இதுதான் முதல் தடவை. மேஜையின் ஜன்னல் பக்கம் என்னுடையது, அதை மட்டும் கேட்காதீர்கள். மற்றப் பாதியை நேற்றே துடைத்து வைத்துவிட்டேன்.

நீங்கள் வருகிறீர்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவருக்குச் சொல் இப்போது ஒவ்வொன்றாகத்தான் வருகிறது. காத்திருந்து கேட்க வேண்டும்.

"என்னப் பாக்கவா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. வேலைக்கு வர்றாங்க. இந்த மேஜையில உக்காந்து வேலை பாக்கப் போறாங்க."

கொஞ்ச நேரம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போனது. ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து, "அப்ப சரி. பாக்க வர்றவங்க டீயக் குடிச்சிட்டுப் போயிடுவாங்க. வேலைக்கு வர்றவங்கதான் சாயங்காலம் வரைக்கும் இருப்பாங்க" என்றார்.

மிளகு